முதலில் வரைந்த பச்சை

"ஆள் குடிச்சிருந்தானாம்" என்று சொல்லிவிட்டு டெலிபோனை வைத்தார் சோலையப்பன். மேஜைமேல் ஆறிக்கொண்டிருந்த காப்பியை எடுத்து ஒரு வாய் குடித்தார்.

அந்த ஒரு வாய் காப்பிதான் புஷ்பவல்லிக்கு முதலில் ஆத்திரத்தைக் கிளப்பியது. காப்பார் எண்ணெய் ஆலையில் ஒரு மனிதனுக்குக் கையும் கழுத்தும் ஆவியில் வெந்துபோயிருக்கிறது. இவருக்குக் காப்பி தொண்டையில் இறங்குகிறதே என்று இருந்தது.

"யாரு சார்?"

"ஸ்டெரிலைசர் பார்க்கிறவன். பக்கிரிசாமியோ என்னமோ பேரு. பிரஷர் இறங்கறதுக்குள்ள கதவத் திறந்துட்டான். சம்சு போட்டுட்டு வேலைக்கு வந்தா இப்படித்தான்லா."

"அவர் குடிச்சிருந்தத யாரு பார்த்தா?"

"மேனேஜர் சொன்னாரு."

"மேனேஜர் பார்த்தாரா?"

சோலையப்பன் கோப்பையைச் சற்று ஓசையோடு வைத்தார். "உனக்குக் கொடுத்த சம்பளப் பட்டியல் புரோகிராம் முடிஞ்சுதா? அதப் பாரு போ."

அது தொண்ணூறாம் ஆண்டு. பிரிக்பீல்ட்ஸில், துன் சம்பந்தன் சாலையில், ஒரு துணிக்கடையின் மாடியில் அந்த அலுவலகம் இருந்தது. நான்கு கம்பியூட்டர்கள், ஓயாமல் நடுங்கும் ஒரு ஏர்கான், வாசலில் பித்தளைப் பலகை. ஆலைகளுக்குக் கம்பியூட்டர் போட்டுக் கொடுப்பது தொழில். சோலையப்பன் மூன்று தலைமுறையாக வியாபாரம் செய்த குடும்பம். வெளிநாட்டில் ஓராண்டு படித்து வந்தவர். புரோகிராம் எழுதக் கொஞ்சம் தெரியும்; நிறையத் தெரியும் என்று அவருக்கு நினைப்பு. புஷ்பவல்லி ரயில்வேக்காரர் மகள். ரயில்வே குடியிருப்பான நூறு குவாட்டர்ஸில் பிறந்து, அங்கிருந்தே பல்கலைக்கழகத்துக்குப் போய் வந்து, இந்த அலுவலகத்தில் சேர்ந்தவள். படம் வரையும் புரோகிராம் என்றால் அங்கே அவள்தான்.

காப்பார் ஆலையின் திரையையும் அவள்தான் எழுதினாள். செம்பனைக் குலைகளைப் பிழிவதற்கு முன், லோரி நீளத்துக்குப் படுத்துக்கிடக்கும் இரும்புக் கலனில் அடைத்து ஆவியில் வேகவைப்பார்கள். அதுதான் ஸ்டெரிலைசர். வெந்ததும் ஆவியை வெளியே விட்டு, உள்ளே அழுத்தம் அடியோடு இறங்கிய பிறகே கதவைத் திறக்க வேண்டும். கதவுக்கு மேலே முள் வைத்த பழைய மானி ஒன்று இருந்தது. கம்பியூட்டர் வந்த பிறகு அதன் கண்ணாடி உடைந்தது. மேனேஜர் மாற்றவில்லை. "அதான் கம்பியூட்டர் இருக்கே" என்றார். அன்றிலிருந்து கதவுப் பக்கம் நிற்பவனுக்குக் கண், பக்கத்துக் கண்ணாடி அறையின் ஜன்னலுக்கு உள்ளே இருந்த அந்தத் திரைதான்.

திரையில் அவள் வரைந்தது சின்னப் படம். ஒரு கலன், அதன் பக்கத்தில் உயர்ந்து தாழும் ஒரு கோடு, கீழே ஒரு பலகை. அழுத்தம் இல்லையென்றால் பலகை பச்சையாகி, மலாயில் 'போலே புக்கா' என்று காட்டும். திறக்கலாம் என்று பொருள். அழுத்தம் இருந்தால் சிவப்பாகி 'ஜாங்ஙான் புக்கா' என்று காட்டும், திறக்காதே. ஒவ்வொரு சில வினாடிக்கும் கம்பியூட்டர் பழைய படத்தை அழித்துவிட்டுப் புதிதாக வரைய வேண்டும். முதலில் வெற்றுக் கலன், வெற்றுக் கோடு, பச்சைப் பலகை. பிறகு அழுத்தத்தைப் படித்து, இருந்தால் கோட்டை நிரப்பி, பச்சைக்கு மேல் சிவப்பைப் பூசும்.

இதெல்லாம் ஆள் பார்க்கும் திரையில் நடக்கவில்லை. திரைக்குப் படம் கொடுக்கும் அட்டையில் இருந்த நினைவகத்தை அவள் இரண்டு பக்கமாகப் பிரித்திருந்தாள். ஒரு பக்கம் திரையில் தெரியும். மறுபக்கம் யாருக்கும் தெரியாது. அழிப்பது, வரைவது, பூசுவது எல்லாம் தெரியாத பக்கத்தில். கடைசிக் கோடும் விழுந்த பிறகு, புத்தகத்தின் தாளைப் புரட்டுவதுபோல் பக்கத்தை மாற்றிவிடும். பாதி வரைந்த படத்தை மனிதக் கண் ஒருபோதும் பார்க்காது. படம் மினுங்காமல், பளிங்கில் பொறித்ததுபோல் நின்றது.

மேனேஜருக்கு அது போதவில்லை. "படம் கரடுமுரடா இருக்கே, இன்னும் தெளிவா வராதா?" என்றார். சோலையப்பன் மறுநாளே அந்த அட்டையால் முடிந்த ஆகத் தெளிவான படத்துக்கு மாற்றினார். மூலையில் கம்பெனி சின்னம், பின்னால் ஒரு செம்பனை மரம். தெளிவான படம் நினைவகத்தில் அதிக இடத்தைத் தின்றது. இரண்டு பக்கத்துக்கு இடம் இல்லை. மறைபக்கம் போயிற்று. எல்லா வேலையும் ஆள் பார்க்கும் திரையிலேயே நடக்கத் தொடங்கியது.

"சார், மினுங்குது" என்று அப்போதே அவள் சொன்னாள்.

"டிவிகூடத்தான் மினுங்குது."

"மினுங்கறது பெரிசில்ல சார். அழிச்சதுக்கும் வரையறதுக்கும் நடுவுல ஒருத்தர் பார்த்தா?"

"கண்ணு இமைக்கிற நேரம்லா அது. அதுக்குள்ள யாரு பார்க்கப் போறா? நீ படிச்ச பாடத்தையெல்லாம் கஸ்டமர் தலையில கட்டாதே."

அதோடு அவளை அந்த வேலையிலிருந்து எடுத்துச் சம்பளப் பட்டியலில் போட்டார். மீதியைத் தாமே எழுதி முடித்தார்.

இப்போது பக்கிரிசாமி குடிகாரன். புஷ்பவல்லி சம்பளப் பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு எழுத்துகூட அடிக்காமல் உட்கார்ந்திருந்தாள். அந்த மனிதரை அவளுக்குத் தெரியும். ஆலையில் கம்பியூட்டருக்குக் கம்பிகள் இழுக்கப் போயிருந்தபோது, ஒரு வாரம் அவர் பக்கத்திலேயே நின்று வேலை செய்தாள். வாயைத் திறந்தால் கிண்டல். "இந்தக் கண்ணாடிப் பொட்டிக்கு ஏர்கான், எனக்கு அடுப்பா?" என்று கேட்டுவிட்டு அவரே சிரிப்பார். சாராய வாடை ஒரு நாளும் இல்லை.

ஆனாலும் ஒன்று அவளுக்குப் பிடிபடவில்லை. மினுங்கல் உண்மையிலேயே இமைக்கிற நேரம்தான். அதைப் பார்த்துவிட்டா ஒருவர் கதவின் பூட்டை இழுப்பார்?

*

பக்கிரிசாமி கிள்ளான் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார் என்று தெரிந்ததும், அந்த ஞாயிற்றுக்கிழமையே அவள் பஸ் ஏறினாள். கிள்ளானில் இறங்கி, காப்பார் பஸ் மாறி, ஆலைக்குப் பின்னால் இருந்த தொழிலாளர் வீடுகளை விசாரித்துக்கொண்டு போனாள்.

வாசலில் துணி அலசிக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள். பக்கிரிசாமியின் மனைவி தனலெட்சுமி.

"யாரு வேணும்?"

"பக்கிரிசாமி அண்ணனப் பார்க்கணும் அக்கா. நான் கம்பியூட்டர் கம்பெனியிலேர்ந்து..."

அந்தச் சொல் வாயை விட்டு வந்ததுதான் தாமதம், தனலெட்சுமி கையிலிருந்த துணியை வாளியில் அறைந்தாள். தண்ணீர் புஷ்பவல்லியின் பாவாடை வரைக்கும் தெறித்தது.

"அந்தப் பொட்டியக் கொண்டாந்து வச்ச கூட்டமா நீங்க? வெந்தது பத்தாதுன்னு வேடிக்க பார்க்க வந்தியா? சாராயத்தத் தொடமாட்டேன்னு என் புருசன் மாரியம்மனுக்கு நேந்துக்கிட்டு எத்தன வருசம் ஆச்சு தெரியுமா? ஆலை ரிப்போர்ட்டுல குடிகாரன்னு எழுதிட்டாங்க! எம் புள்ளய ஸ்கூல்ல குடிகாரன் மவன்னு சொல்லுதுங்க! போ இங்கேருந்து!"

"அக்கா, அவர் குடிக்கலன்னு எனக்குத் தெரியும். அதச் சொல்லத்தான் வந்தேன்."

"எங்கிட்டச் சொல்லி? நான் என்ன ஜட்ஜா?"

உள்ளேயிருந்து கரகரத்த குரல் வந்தது. "விடு தனம். வரட்டும்."

பக்கிரிசாமி நாற்காலியில் சாய்ந்திருந்தார். இடது கை தோள் வரைக்கும் கட்டு. கழுத்தில் தோல் சிவந்து பளபளத்தது. கதவு ஒரு விரல் அளவுதான் விலகியதாம். அந்த இடுக்கில் வந்த ஆவிக்கே இந்தக் கதி. முழுதாகத் திறந்திருந்தால் அவர் வீடு திரும்பியிருக்க மாட்டார்.

"என்ன நடந்துச்சு அண்ணே?"

"எத்தன பேருக்குச் சொல்றது? பச்ச எரிஞ்சிச்சு. பச்சையப் பார்த்துட்டுத்தான் போனேன். ஜன்னல்ல பார்த்தேன், கையுறை மாட்டினேன், திரும்ப ஒருக்கா பார்த்தேன், பச்சதான். அப்புறந்தான் பூட்ட இழுத்தேன். மேனேஜர்கிட்ட சொன்னேன். கம்பியூட்டர் பொய் சொல்லாது, நீதான் சொல்றன்னாரு."

இரண்டு தடவை பார்த்திருக்கிறார். கையுறை மாட்டும் நேரம் முழுக்கப் பச்சை நின்றிருக்கிறது. அது இமைக்கிற நேரம் இல்லை.

"அப்ப ரூம்ல வேற ஏதாச்சும் நடந்துச்சா அண்ணே? கரண்டு கிரண்டு போச்சா?"

"ஒண்ணும் இல்ல. அந்தப் பிரிண்டர் சனியன் கத்திக்கிட்டே இருந்துச்சு. பேப்பர் தீந்துபோச்சுன்னா கீ கீன்னு கத்தும். கணக்கு எழுதற கிராணி பேப்பர் எடுக்க ஒப்பீசுக்குப் போயிருந்தான்."

அவள் எழுந்தே விட்டாள். "அண்ணே, பிரிண்டர் பேப்பருக்குக் காத்துக் கெடந்தப்ப கம்பியூட்டரும் பாதி வரைஞ்சு நின்னுபோயிருக்கு. பச்சைய வரைஞ்சுட்டு, சிவப்பு வரையறதுக்குள்ள நின்னிருக்கு. இப்படி ஆகும்னு நான் அப்பவே பயந்தேன்."

பக்கிரிசாமி அவளை ஏற இறங்கப் பார்த்தார். கிண்டல் பேசும் அந்த முகத்தில் இப்போது சிரிப்பின் சாயல்கூட இல்லை.

"பயந்தியா? யார்கிட்ட சொன்ன?"

"என் முதலாளிகிட்ட."

"கதவுகிட்ட நிக்கிறவன் நான். ஒரு வாரம் எம் பக்கத்துல நின்னு தேத்தண்ணி குடிச்ச. எங்கிட்ட ஏன் சொல்லல?"

தனலெட்சுமி வாசற்படியில் நின்று ஈரக் கையைத் துடைத்தபடி, அந்தப் பதில் வருமா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். வரவில்லை.

கிள்ளான் போகும் பஸ்ஸில் புஷ்பவல்லி பல்லைக் கடித்துக்கொண்டு வந்தாள். மேனேஜர்மேல், சோலையப்பன்மேல் வந்த கோபத்தையெல்லாம் அவளால் சுமக்க முடிந்தது. இது வேறு. இதைத் தூக்கிப் போட இடமில்லை.

*

மறுநாள் காலை, எல்லாரும் வருவதற்கு முன்பே அலுவலகம் போய், காப்பாருக்குக் கொடுத்த புரோகிராமை, அழுத்தம் இருப்பதுபோல் ஒரு எண்ணைக் கொடுத்து ஓடவிட்டாள். பிரிண்டரை இணைத்தாள். அதில் இருந்த தாளை உருவி எறிந்தாள். அறிக்கை அச்சாகும் நேரம் வந்தது. பிரிண்டர் கத்தியது. திரை அழிந்தது, வெற்றுக் கோடு வந்தது, பச்சைப் பலகை வந்தது. போலே புக்கா.

அப்படியே நின்றது. அவள் தாளைப் போடும் வரைக்கும் நின்றது. போட்டதும் ஒன்றுமே நடக்காததுபோல் சிவப்பு வந்து பச்சையை மூடியது.

புரோகிராமைத் திறந்து பார்த்தாள். சோலையப்பன் கை வைத்த இடம் தெளிவாகத் தெரிந்தது. அழுத்தத்தைப் படித்த கையோடு அதைப் பிரிண்டருக்கு அனுப்புகிறார். அதன் பிறகுதான் சிவப்பை வரையச் சொல்கிறார். பிரிண்டர் வாங்கிக்கொள்ளவில்லையென்றால் கம்பியூட்டர் அந்த வரியிலேயே காத்துக் கிடக்கும். திரையில் பச்சையோடு. மறைபக்கம் மட்டும் இருந்திருந்தால், பழைய படம், அதாவது சிவப்பு, அப்படியே நின்றிருக்கும். பாதிப் படம் பின்னால் யாருக்கும் தெரியாமல் கிடந்திருக்கும்.

சோலையப்பன் வந்ததும் அவரை உட்காரவைத்துக் காட்டினாள். அவர் பார்த்தார். முகம் வெளுத்தது. அது ஒரு கணம்தான். பிறகு எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"நீங்க சொல்லுங்க சார். இன்னைக்கே மேனேஜருக்கு ஃபோன் போடுங்க. தெலுக் பங்லிமா காராங்ல ரப்பர் ஃபேக்டரிக்கும் இதையேதான் போட்டிருக்கோம். அங்கேயும் கதவு இருக்கு, ஆள் இருக்கு."

"ஃபோன் போட்டு? என் கம்பெனிதான் அவன வேகவச்சதுன்னு சொல்லவா? திருத்தி அனுப்பிடலாம். சத்தமில்லாம. அடுத்த சர்வீஸ்ல."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் பேப்பர் தீராமப் பார்த்துக்கச் சொல்றேன்."

புஷ்பவல்லிக்கு வந்ததே ஒரு கோபம். "ஒரு ஆள் வெந்துபோயிட்டார் சார்! குடிகாரன்னு வேற எழுதியிருக்காங்க! முழுப் பூசணிக்காய சோத்துல மறைக்கப் பார்க்கிறீங்களே, நெஞ்சுல ஈரம் இருக்கா உங்களுக்கு?"

"கத்தாதே." அவர் குரல் தணிந்தது. தணிந்த அந்தக் குரல்தான் பயங்கரமாக இருந்தது. "பச்சைய முதல்ல வரைஞ்சது யாரு? நானா? உன் கையால எழுதின வரி அது. சிவப்ப முதல்ல வரைஞ்சிருந்தா இது நடந்திருக்குமா? வெளிய போய்ச் சொல்லு, தாராளமாச் சொல்லு. உன் பேருதான் முதல்ல வரும்."

அவர் சொன்னதில் பொய் இல்லை. பச்சையை முதலில் வரைந்தது அவள்தான். யாரும் பார்க்காத இடத்தில் எதை முதலில் வரைந்தால் என்ன என்று எண்ணி வரைந்தது.

"வரட்டும் சார்" என்றாள். "எம் பேரு வரட்டும். உங்க பேரும் கூட வரும்."

"நாளையிலேர்ந்து நீ வர வேணாம்."

அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். கீழே துணிக்கடைக்காரர் "என்ன புஷ்பா, அதுக்குள்ள சாப்பாடா?" என்று கேட்டார். காதில் விழுந்தும் விழாததுபோல் சாலையைக் கடந்து போனாள்.

*

தொழிற்சங்கத்தின் காப்பார் கிளையில் வாசு என்று ஒருவர் இருந்தார். அவரைத் தேடிப் போய் எல்லாவற்றையும் சொன்னாள். விபத்தை விசாரிக்க அரசாங்க அதிகாரி ஒருவர், என்சிக் ஹாலிம், ஆலைக்கே வருகிறார், அதுவரை அந்தக் கம்பியூட்டரில் யாரும் கை வைக்கக் கூடாது என்று உத்தரவு என்றார் வாசு. "எங்க சாட்சியா வா தங்கச்சி. ஆனா உள்ள வந்துட்டு மழுப்பினா, தனலெட்சுமி உன்ன விடாது, சொல்லிட்டேன்."

விசாரணை அன்று ஆலையின் கண்ணாடி அறையில் கூட்டம் நெருக்கியது. என்சிக் ஹாலிம், மேனேஜர், சோலையப்பன், வாசு. கட்டுப் போட்ட கையோடு பக்கிரிசாமி. அவருக்குப் பின்னால், வரக்கூடாது என்று சொல்லியும் வந்து நின்ற தனலெட்சுமி. கண்ணாடிக்கு வெளியே கலன் ஆவியில் சீறிக்கொண்டிருந்தது. திரையில் சிவப்பு. ஜாங்ஙான் புக்கா.

சோலையப்பன் நல்ல மலாயில் அழகாக விளக்கினார். அழுத்தம் இருக்கிறது, சிவப்பு எரிகிறது, இதைவிடத் தெளிவாக ஒரு மனிதனுக்கு எப்படிச் சொல்ல முடியும்? அதிகாரி திரையையும் வெளியே இருந்த கலனையும் மாறி மாறிப் பார்த்துத் தலையசைத்தார். மேனேஜர் கைக்குட்டையால் நெற்றியை ஒற்றிக்கொண்டார்.

"ஐயா, பிரிண்டர்ல இருக்கிற பேப்பர எடுக்கலாமா?" என்று புஷ்பவல்லி மலாயில் கேட்டாள்.

"இந்தப் பெண்ணை நான் வேலையை விட்டு நிறுத்திவிட்டேன்" என்றார் சோலையப்பன் அவசரமாக. "கோபத்தில் வந்திருக்கிறாள்."

"கோபத்தில் இருந்தால் தாளை எடுக்கக் கூடாதா?" என்றார் ஹாலிம். "எடுங்கள்."

எடுத்தாள். சற்று நேரத்தில் பிரிண்டர் கீ கீ என்று கத்தத் தொடங்கியது. பக்கிரிசாமியின் உடம்பு தூக்கிப்போட்டது. தனலெட்சுமி அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். திரை அழிந்தது. வெற்றுக் கோடு. பச்சைப் பலகை. போலே புக்கா.

வெளியே கலன் சீறியது. உள்ளே பச்சை எரிந்தது. ஹாலிம் எழுந்து கண்ணாடி அருகே போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். பச்சை அப்படியே இருந்தது.

தனலெட்சுமிக்கு மலாய் வாசிக்கத் தெரியாது. நிறம் தெரியும். "பாருய்யா! நல்லாக் கண்ணத் தொறந்து பாரு!" என்று மேனேஜரின் முகத்துக்கு நேரே கையை நீட்டினாள். "இதப் பார்த்துட்டுத்தானே திறந்தாரு! யாருய்யா குடிகாரன்? எவன்டா எழுதினது? வாய்யா, நீ போய்த் திற இப்ப! பச்ச எரியுதுல்ல? போய்த் திற!"

மேனேஜர் சுவரோடு ஒட்டினார். வாசு அவளைப் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது. பிடித்தாரே தவிர, அவசரப்படவில்லை.

"இந்த வரிசை நான் எழுதியது இல்லை" என்றார் சோலையப்பன். இப்போது அவர் மலாய் அவ்வளவு அழகாக இல்லை. "பச்சையை முதலில் வரைந்தது இவள்."

ஹாலிம் அவளைப் பார்த்தார். "உண்மையா?"

"உண்மை" என்றாள். மேஜையிலிருந்து ஒரு வெற்றுத் தாளை எடுத்தாள். "நான் இப்படி வரைந்தேன் ஐயா." தாளை மேஜைக்கு அடியில் பிடித்துக்கொண்டு எதையோ எழுதினாள்; அடித்தாள்; மறுபடி எழுதினாள். பிறகு மேலே வைத்தாள். 'திறக்காதே' என்று இருந்தது. "நடுவில் நான் என்ன எழுதினேன், என்ன அடித்தேன் என்று நீங்கள் பார்க்கவில்லை. முடிந்ததைத்தான் பார்த்தீர்கள். படம் அழகாக வேண்டும் என்று என் முதலாளி இந்த மேஜையை எடுத்துவிட்டார். எடுக்காதீர்கள் என்று சொன்னேன். பாதி எழுதும்போது ஒருவர் பார்த்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். கண் இமைக்கிற நேரம்தானே என்றார்."

ஹாலிம் தாளைப் புரட்டிப் பார்த்தார். "மேஜை இருந்தாலும் இல்லாவிட்டாலும், சிவப்பை முதலில் எழுதியிருக்கலாம், இல்லையா?" என்றார் மெதுவாக.

"எழுதியிருக்கலாம்."

"இனி எழுதுங்கள்."

சுருக்கென்றது அவளுக்கு. அவர் சொன்னது நியாயம். நியாயம் என்பதாலேயே எரிந்தது. அடுத்து ஹாலிம் மேனேஜர் பக்கம் திரும்பி, கதவுக்கு மேலிருந்த உடைந்த மானியைச் சுட்டிக்காட்டி, "அதற்குக் கண்ணாடி போட எத்தனை வெள்ளி ஆகும்?" என்று கேட்டார். மேனேஜர் கைக்குட்டையை மறுபடி எடுத்தார்.

*

அறிக்கை வர இரண்டு மாதம் ஆனது. குடித்திருந்தார் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை என்று எழுதியிருந்தது. திரையின் கோளாறு, உடைந்த மானி, இரண்டும் காரணம். பழைய மானிக்குக் கண்ணாடி வந்தது. பக்கிரிசாமிக்கு நஷ்டஈடு வந்தது. விரல்கள் மடங்காத இடது கையோடு அவரை ஆலை வாசலில் காவலுக்கு உட்காரவைத்தார்கள். லோரிக்காரர்களிடம் பழையபடி கிண்டல் பேசுகிறார் என்று வாசு சொன்னார். புஷ்பவல்லி ஒரு நாள் போனபோது மட்டும் பேசவில்லை. கேட்டைத் திறந்துவிட்டுத் தலையை ஆட்டினார். அவ்வளவுதான். அவள் அதற்குமேல் எதிர்பார்த்துப் போகவும் இல்லை.

சோலையப்பனுக்கு என்ன ஆயிற்று? ஒன்றும் ஆகவில்லை. எச்சரிக்கையோடு விட்டார்கள். பித்தளைப் பலகை அப்படியே இருந்தது. அவரே ஆள் விட்டு, மறைபக்கம் வைத்த பழைய புரோகிராமை எழுதிக் கொடுக்க வருவாயா, முன்னைவிட நல்ல சம்பளம் என்று கேட்டனுப்பினார். வந்தவனை அவள் அப்பா வாசலிலேயே நிறுத்திப் பேசிய பேச்சை நூறு குவாட்டர்ஸ் முழுக்கக் கேட்டது.

இந்த இரண்டு மாதமும் அவள் சும்மா இருக்கவில்லை. விசாரணைக்கு மறுநாளே தெலுக் பங்லிமா காராங்குக்குப் போனாள். அந்த ரப்பர் தொழிற்சாலையில் குழாய்களை ஆவியில் பதப்படுத்தும் கலனுக்கும் அதே திரை. மேலாளரைப் பார்க்க வேண்டும் என்றாள். முன்கூட்டிச் சொல்லாமல் பார்க்க முடியாது என்றான் காவலாளி. கம்பெனியின் பெயரைக் கேட்டான். வேலையை விட்டு நிறுத்தப்பட்டவள் என்று தெரிந்ததும் கேட்டைச் சாத்தினான். உள்ளேயிருந்து சோலையப்பனுக்கு ஃபோன் போட்டுக் கேட்டார்கள். எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, அந்தப் பெண் பேச்சைக் கேட்காதீர்கள் என்று பிரிக்பீல்ட்ஸிலிருந்து பதில் வந்ததாம்.

அவள் போகவில்லை. வெயிலில் கேட்டுக்கு எதிரே நின்றாள். ஷிப்ட் மாறும் சங்கு ஊதியதும் ஆட்கள் மோட்டார் சைக்கிள்களில் வந்து குவிந்தார்கள். அவள் நடுவழியில் போய் நின்று சத்தமாகக் கேட்டாள்.

"ஆவிக் கதவு திறக்கிறவர் யாரு? ஸ்டீம் கதவுகிட்ட நிக்கிறவர் இங்க யாரு அண்ணே?"

ஒரு கறுத்த, நெடிய மனிதர் வண்டியை ஓரம் கட்டினார். ஹெல்மெட்டைக் கழற்றாமலே கேட்டார். "நான்தான். அய்யாவு. என்ன விசயம்? யாரு நீ?"

"அந்தத் திரைய எழுதினவ."

காவலாளி ஓடிவந்து "ஏய், போ போ" என்று கையை வீசினான். அவள் அவனைத் திரும்பியும் பார்க்கவில்லை. காப்பாரில் நடந்ததைச் சொன்னாள். பச்சை எப்படி வருகிறது, எப்போது நின்றுபோகும், பிரிண்டர் கத்தினால் என்ன அர்த்தம், எல்லாவற்றையும் சொன்னாள். பச்சையை முதலில் வரைந்தது யார் என்பதையும் விடவில்லை.

அய்யாவு ஹெல்மெட்டைக் கழற்றினார். முகம் இறுகியிருந்தது. "இத்தன மாசமா அந்தப் பச்சையத்தான் நம்பித் திறக்கிறேன்" என்றார். "நேத்து கூட அது கத்துச்சு." சட்டென்று திரும்பி, கேட்டுக்குள் நுழைந்துகொண்டிருந்தவர்களைப் பார்த்துப் பெருங்குரலில் கத்தினார். "டேய், நில்லுங்கடா! ஒருத்தனும் உள்ள போகாதீங்க! இங்க வந்து இந்தத் தங்கச்சி சொல்றதக் கேளுங்க!"

பத்துப் பதினைந்து பேர் சுற்றிக் கூடினார்கள். பின்னால் நின்ற ஒரு மலாய்க்காரர், என்ன விஷயம், எங்களுக்கும் புரிகிற மாதிரி சொல் என்றார். புஷ்பவல்லி அவர் பக்கம் திரும்பி, மலாயில், முதலிலிருந்து மறுபடி சொல்லத் தொடங்கினாள்.